பழுதுபார்த்த பிறகு சன்ரூஃபை ரீசெட் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மோட்டாரை மாற்றியாயிற்று, கழற்றிய ரூஃப் லைனிங்கையும் (கூரையின் உள்பக்க உறை) திரும்ப மாட்டியாயிற்று. ஆனால் சுவிட்சை அழுத்தினால் கண்ணாடி இரண்டு விரல் அளவு நகர்ந்து நின்றுவிடுகிறது. இல்லையென்றால் முழுதாக மூடிவிட்டு உடனே திரும்பத் திறந்துகொள்கிறது. செய்த வேலை வீணாகிவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். பல நேரம் பாக்கி இருப்பது ரீசெட் மட்டும்தான். ஆனால் ரீசெட் ஒரு பழுதுபார்ப்பு இல்லை. சரியாகப் பொருத்தியதை மோட்டாருக்குக் கற்றுக்கொடுக்கிற வேலை அது. தப்பாகப் பொருத்தியிருந்தால் மோட்டார் தப்பைத்தான் கற்றுக்கொள்ளும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் இதை மனதில் வைத்து எழுதியவை.

பழுதுபார்த்த பிறகு ரீசெட் எதற்கு?

கண்ணாடி எங்கே நிற்கிறது என்று மோட்டாருக்கு நேரடியாகத் தெரியாது. அதன் தண்டில் ஒரு சின்னக் காந்த வளையம் இருக்கும், பக்கத்தில் காந்தப்புலத்தை உணரும் ஹால் சென்சார்கள் இருக்கும். தண்டு சுற்றச் சுற்ற சென்சாரிலிருந்து துடிப்புகள் வரும். கட்டுப்பாட்டுப் பெட்டி அந்தத் துடிப்புகளை எண்ணி, மூடிய நிலையிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று கணக்கு வைத்துக்கொள்ளும். கண்ணைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் காலடி எண்ணி நடப்பவரைப் போலத்தான். மின்சாரம் இல்லாத நேரத்தில் யாராவது கண்ணாடியை நகர்த்திவிட்டாலோ, மோட்டாரைக் கழற்றி வேறு நிலையில் மாட்டிவிட்டாலோ, எண்ணிக்கை ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம் என்று ஆகிவிடும்.

ரீசெட்டில் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. முதலில் மோட்டார் கண்ணாடியை எல்லைவரை தள்ளி, 'இதுதான் பூஜ்யம்' என்று குறித்துக்கொள்ளும். அடுத்து முழு நீளத்துக்கும் ஒரு தடவை ஓடி, எந்த இடத்தில் எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்று பதிந்துகொள்ளும். விரல் நசுங்காமல் காக்கும் பாதுகாப்பு இந்த இரண்டாவது பதிவை நம்பித்தான் இருக்கிறது. அதனால்தான் ஓட்டத்தைப் பாதியில் விட்டுவிடக் கூடாது என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எந்தெந்த வேலைக்குப் பிறகு ரீசெட் கட்டாயம்?

மோட்டாரையோ கட்டுப்பாட்டுப் பெட்டியையோ மாற்றினால், கேபிளையோ ரெயிலையோ தொட்டால், கையால் சுற்றி மூடியிருந்தால் கட்டாயம். கண்ணாடியையோ சுற்றியுள்ள ரப்பரையோ மாற்றினாலும் செய்துவிடுங்கள். புது ரப்பர் பழையதைவிடக் கெட்டியாக உரசும், மோட்டாரிடம் இருக்கும் விசைப் பதிவு பழைய ரப்பருக்கானது. கண்ணாடி நகர்ந்துகொண்டிருக்கும்போதே ஃபியூஸ் போயிருந்தாலோ பேட்டரி இறங்கியிருந்தாலோ கணக்கு நடுவழியில் அறுந்திருக்கும், அப்போதும் தேவை.

பேட்டரியைக் கழற்றி மாட்டினால் தானாகவே ரீசெட் ஆகிவிடாதா?

ஆகாது. சில கார்களில் அப்படிச் செய்தால் இருக்கிற நினைவும் அழிந்துபோகும். சில கார்களில் அழியாத நினைவகம் இருப்பதால் ஒன்றுமே மாறாது. இரண்டிலும் கண்ணாடியின் எல்லையை மோட்டார் புதிதாகக் கற்றுக்கொள்வதில்லை. நினைவை அழிப்பது வேறு, கற்பிப்பது வேறு.

நினைவு அழிந்திருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு தட்டலில் தானாக ஓடும் வசதி போய்விடும். இது முதல் அறிகுறி. சுவிட்சைப் பிடித்திருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக நகரும், விட்டால் நின்றுவிடும். சில கார்களில் பின்பக்கம் தூக்கும் டில்ட் மட்டும் வேலை செய்யும், பின்னால் வழுக்கிப் போகாது. மூட வேண்டிய இடத்துக்குச் சற்று முன்பே நிற்பதும், மூடியபின் திரும்பத் திறப்பதும் உண்டு. ஆனால் கடைசியாகச் சொன்ன இரண்டுக்கும் வேறு காரணங்களும் இருக்கலாம், கீழே பார்ப்போம்.

ஆரம்பிக்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

அவசரப்பட்டுச் சுவிட்சைப் பிடிப்பதற்கு முன் இங்கே பத்து நிமிடம் செலவழியுங்கள்.

முதலில் ரெயில்கள். பழைய கண்ணாடித் துகள், காய்ந்த இலை, மணல், கழற்றியபோது விழுந்த கிளிப் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. டார்ச் அடித்து இரண்டு பக்கமும் முழு நீளத்துக்குப் பாருங்கள். ஒரு சின்னத் துகள் போதும், அந்த இடத்தில் 'இங்கே அதிக விசை தேவை' என்று மோட்டார் பதிந்துகொள்ள. பிறகு நிஜமாகவே ஒரு விரல் அங்கே மாட்டினால், அதையும் பழக்கமான உரசல் என்று எடுத்துக்கொள்ளும் அபாயம் இருக்கிறது.

அடுத்து கண்ணாடி நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் உள்ள இடைவெளி ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

மின்சாரம் முக்கியம். ஓய்வில் இருக்கும் நல்ல 12 வோல்ட் பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். இஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.5 வரை இருக்கும். பேட்டரி பலவீனமாக இருந்தால் மோட்டார் நடுவில் தடுமாறி, கற்றல் பாதியில் அறுந்துபோகும். இஞ்சினை ஓடவிட்டுச் செய்வது நல்லது, ஆனால் மூடிய கொட்டகைக்குள் வேண்டாம். புகை உயிரையே வாங்கிவிடும்.

வண்டி சமதளத்தில், நான்கு சக்கரமும் தரையில் இருக்கட்டும். ஒரு மூலையை ஜாக்கியில் தூக்கி வைத்திருந்தால் உடல்கூடு லேசாக முறுக்கிக்கொள்ளும், கூரைச் சட்டமும் கூடவே முறுக்கும். கதவுகளை மூடிவிடுங்கள். கடும் குளிரில் ரப்பர் விறைத்திருக்கும், அப்போது எடுத்த விசைப் பதிவு மற்ற நாட்களுக்குப் பொருந்தாது. முடிந்தால் மிதமான வெப்பநிலையில் செய்யுங்கள்.

கடைசியாக, குழந்தைகளையும் வளர்ப்பு விலங்குகளையும் வண்டியை விட்டு இறக்கிவிடுங்கள். கற்றல் ஓட்டம் நடக்கும்போது பல கார்களில் நசுங்கல் பாதுகாப்பு வேலை செய்யாது. கண்ணாடி எதற்கும் நிற்காமல் மூடும். இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, ரீசெட்டை எப்படிச் செய்வது?

கார் கையேட்டில் சன்ரூஃப் பகுதியைத் திறந்து பாருங்கள். ரீசெட் என்றோ இனிஷியலைசேஷன், நார்மலைசேஷன் என்றோ தலைப்பு இருக்கும். மாடலுக்கு மாடல் மாறுவதால் கையேட்டில் இருப்பதுதான் கடைசி வார்த்தை. ஆனாலும் பெரும்பாலான கார்களில் அடிப்படை ஒன்றுதான்: மூடும் திசையில் சுவிட்சைப் பிடித்துக்கொண்டே இருப்பது.

ஹூண்டாய், கியா மாடல்கள் பலவற்றில் முறை இப்படி. இஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடியை முழுதாக மூடி, சுவிட்சை விடுங்கள். பிறகு சுவிட்சை முன்பக்கம், அதாவது மூடும் திசையில், தள்ளிப் பிடியுங்கள். சுமார் 10 விநாடியில் கண்ணாடி லேசாக அசையும். உடனே சுவிட்சை விட்டுவிட்டு, 3 விநாடிக்குள் அதே திசையில் மறுபடி தள்ளிப் பிடியுங்கள். இப்போது கண்ணாடி தானாக டில்ட் இறங்கி, பின்னால் போய்த் திறந்து, திரும்ப வந்து மூடும். ஓட்டம் முழுதும் முடியும்வரை விரலை எடுக்கக் கூடாது.

டொயோட்டாவின் சில மாடல்களில் நடுவில் விட்டுப் பிடிக்கும் கட்டமே கிடையாது. மூடும் சுவிட்சைப் பிடித்தால் கண்ணாடி மூடி, திரும்பத் திறந்து, சுமார் 10 விநாடி சும்மா நிற்கும். பலர் இந்த இடத்தில்தான் 'முடிந்துவிட்டது' என்று விரலை எடுத்துவிடுகிறார்கள். எடுக்காதீர்கள். அது மறுபடி மூடி, டில்ட் ஏறி, ஒரு விநாடி நின்று, இறங்கி, ஒரு தடவை திறந்து மூடும். அதன் பிறகுதான் விட வேண்டும். நடுவில் விட்டுவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

எந்த காராக இருந்தாலும், கண்ணாடி நின்றுவிட்டது போல் தெரிந்தாலும் இன்னும் சில விநாடி பிடித்திருந்து பாருங்கள். மோட்டார் அடுத்த கட்டத்துக்குத் தயாராகும் இடைவெளியாக அது இருக்கலாம்.

ஒருவழியாக ஓடி முடிந்தது. ரீசெட் ஆகிவிட்டது என்று எப்படி உறுதிசெய்வது?

ஒரே தட்டலில் முழுதாகத் திறக்கிறதா, ஒரே தட்டலில் முழுதாக மூடுகிறதா, டில்ட் ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். இக்னிஷனை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டு இதையே இன்னொரு தடவை செய்யுங்கள். இரண்டாவது தடவையும் சரியாக வந்தால் நினைவு பதிந்திருக்கிறது.

அப்புறம் நசுங்கல் பாதுகாப்பு. இதைச் சோதிக்காமல் வேலை முடிந்ததாக நான் எண்ணுவதில்லை. அமெரிக்காவின் வாகனப் பாதுகாப்பு விதியான எஃப்.எம்.வி.எஸ்.எஸ். 118, ஐ.நா.வின் வாகன ஒழுங்குமுறை 21 ஆகிய இரண்டும், தானாக மூடும் கூரைகளுக்கு ஒரே அளவைத்தான் வைத்திருக்கின்றன: 4 முதல் 200 மி.மீ. வரையான இடைவெளியில் ஏதாவது மாட்டினால், அழுத்தம் 100 நியூட்டனைத் தாண்டும் முன் கண்ணாடி திரும்பிவிட வேண்டும். 100 நியூட்டன் என்றால் ஏறக்குறைய 10 கிலோ எடை அழுத்துவது போல. ஒரு குழந்தையின் விரலுக்கு அதுவே அதிகம். சோதிக்கக் கையை வைக்காதீர்கள். இறுக்கிச் சுருட்டிய துண்டையோ தடித்த அட்டைக் குழாயையோ விளிம்பில் பிடித்து, தானியங்கி மூடலைத் தட்டுங்கள். முட்டியதும் கண்ணாடி நின்று பின்வாங்க வேண்டும். அட்டைக் குழாய் நசுங்கித் தட்டையாகிவிட்டால் ரீசெட் சரியாக ஆகவில்லை. கடைசி 4 மி.மீ. இடைவெளிக்குள் இந்தப் பாதுகாப்பு இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

சுவிட்சைப் பிடித்துக்கொண்டே இருக்கிறேன், எதுவும் அசையவில்லை. ஏன்?

ஃபியூஸைப் பாருங்கள். பிறகு மோட்டாரின் கனெக்டர். ரூஃப் லைனிங்கை மாட்டும்போது அது பாதி செருகிய நிலையில் விடுபடுவது சகஜம், 'டிக்' என்று பூட்டிக்கொள்ளும்வரை தள்ள வேண்டும்.

இரண்டும் சரியென்றால் வெப்பப் பாதுகாப்பு காரணமாக இருக்கலாம். திரும்பத் திரும்ப ஓட்டியதில் மோட்டார் சூடாகி, தன்னைத்தானே கொஞ்ச நேரம் முடக்கிக்கொள்ளும். கால் மணி நேரம் எதையும் தொடாமல் விட்டுவிட்டு முயன்று பாருங்கள்.

மூடியதும் திரும்பத் திறந்துகொள்கிறது. ரீசெட் செய்தும் தீரவில்லையே?

மோட்டார் எதையோ தடையாக உணர்கிறது. அது பொய்யான உணர்வா, நிஜத் தடையா என்பதுதான் கேள்வி. ஒரே இடத்தில் ஒவ்வொரு தடவையும் திரும்பினால் நிஜத் தடை இருக்க வாய்ப்பு அதிகம்: மடங்கிய ரப்பர், வளைந்த ரெயில், உடைந்த வழிகாட்டித் துண்டு, சரியாக மடங்காத காற்றுத் தடுப்பு வலை. திரும்பும் இடம் தடவைக்குத் தடவை மாறினால் உலர்ந்த ரெயில், பலவீனமான பேட்டரி, ஹால் சென்சார் கோளாறு இவற்றைச் சந்தேகிக்கலாம்.

காது கொடுத்துக் கேளுங்கள். நல்ல மோட்டாரின் ஓசை முழு ஓட்டத்திலும் ஏறக்குறைய ஒரே சுருதியில் இருக்கும். ஓர் இடத்தில் ஓசை இறங்கி முனகினால் அங்கேதான் பிடிக்கிறது. அந்த இடத்தில் நிறுத்தி டார்ச் அடித்துப் பாருங்கள். பிடிப்பை நீக்காமல் வலுக்கட்டாயமாகத் திரும்பத் திரும்ப ரீசெட் செய்வது கேபிளின் ஆயுளைத் தின்னும்.

கண்ணாடி ஒரு பக்கம் முந்தி, ஒரு பக்கம் பிந்தி வருகிறது. ரீசெட்டில் சரியாகுமா?

கண்டிப்பாக ஆகாது. உடனே நிறுத்துங்கள்.

பெரும்பாலான சன்ரூஃப்களில் ஒரே மோட்டார் இரண்டு கேபிள்களை ஓட்டுகிறது, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. கேபிளைச் சுற்றிக் கம்பி திருகுச் சுருளாக ஓடும், மோட்டாரின் பற்சக்கரம் அந்தச் சுருளில் பல்லாகக் கடித்துத் தள்ளும். இரண்டு கேபிளும் ஒரே அளவில் நகர்ந்தால்தான் கண்ணாடி நேராகப் போகும். ஒரு கேபிள் ஒரு பல் தாண்டி உட்கார்ந்திருந்தாலே கண்ணாடி கோணலாகிவிடும். மோட்டாருக்குத் தெரிந்தது தன் சுழற்சி எண்ணிக்கை ஒன்றுதான். இடது, வலது என்ற வித்தியாசம் அதற்குத் தெரியவே தெரியாது.

தீர்வு: மோட்டாரைக் கழற்றி, இரண்டு பக்கத்து நகர்வுத் துண்டுகளையும் ரெயிலில் உள்ள குறிகளுக்கு நேராகக் கொண்டுவந்து, அதன் பிறகு மோட்டாரை மாட்ட வேண்டும். மோட்டாரும் அதன் பூஜ்ய நிலையில் இருக்க வேண்டும். புது மோட்டார்கள் பெரும்பாலும் பூஜ்ய நிலையிலேயே வரும். மாட்டுவதற்கு முன் 'ஓடுகிறதா பார்ப்போம்' என்று கனெக்டரைச் செருகிச் சுழற்றிவிட்டால் அந்த நிலை போய்விடும். ஆசையாகத்தான் இருக்கும், செய்யாதீர்கள்.

பனோரமிக் கூரைக்கு (கூரையின் பெரும்பகுதியும் கண்ணாடியாக இருப்பது) முறை வேறா?

அடிப்படை ஒன்றுதான். ஆனால் உள்ளே இருக்கும் திரைக்குத் தனி மோட்டார் இருப்பது வழக்கம். கண்ணாடி, திரை இரண்டும் ஒன்றையொன்று பார்த்து நடப்பவை: திரை திறக்காமல் கண்ணாடி திறக்கக் கூடாது, கண்ணாடி மூடாமல் திரை மூடக் கூடாது. திரையின் நினைவு போயிருந்தால் கண்ணாடியும் முரண்டு பிடிக்கும். அதனால் இரண்டையும் ரீசெட் செய்ய வேண்டும். சில மாடல்களில் ஒரே ஓட்டத்தில் இரண்டும் நடந்துவிடும், சிலவற்றில் தனித்தனி. ஓட்டமும் நீளம், விரல் வலிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேனர் (காரின் கணினியோடு இணைத்துக் கோளாறுகளைப் படிக்கும் கருவி) இல்லாமல் முடியுமா?

பல கார்களில் சுவிட்சே போதும். புதுக் கட்டுப்பாட்டுப் பெட்டி போட்டிருந்தால் சில தயாரிப்புகளில் அதை அந்த வண்டிக்குப் பதிவுசெய்ய வேண்டும், அதற்கு ஸ்கேனர் தேவை. கோளாறுக் குறியீடு பதிவாகியிருந்து, அதை அழிக்காமல் கற்றலைத் தொடங்க மறுக்கும் கார்களும் உண்டு. கையேட்டு முறையை இரண்டு தடவை பொறுமையாகச் செய்தும் பலனில்லை என்றால் மூன்றாவது தடவை முயல்வதைவிட ஸ்கேனர் போட்டுப் பார்ப்பதே நல்லது.

கண்ணாடி திறந்தபடி நின்றுவிட்டது, மழை வரப்போகிறது. என்ன செய்வது?

பல கார்களில் மோட்டாரின் அடியில் ஆலன் கீ நுழையும் துளை இருக்கும். உள் விளக்குப் பகுதியின் மூடியை எடுத்தால் தெரியும். இக்னிஷனை அணைத்துவிட்டு, கையால் மெதுவாகச் சுற்றுங்கள். நிறையச் சுற்று சுற்ற வேண்டியிருக்கும். டிரில் மெஷினை மாட்டிச் சுற்றாதீர்கள், எல்லையில் போய் முட்டும்போது பற்கள் சிதைந்துவிடும். மூடியபின் கட்டாயம் ரீசெட் தேவை. துளையே இல்லாத மாடல் என்றால் கனத்த பாலிதீன் உறையை வெளிப்பக்கம் ஒட்டிவிட்டு மெக்கானிக்கிடம் போவதுதான் வழி. அப்படிப் போகும்போது மெதுவாக ஓட்டுங்கள்.

ரெயிலுக்கு எந்த கிரீஸ்?

காரின் தயாரிப்பாளர் சொல்வது. பழைய கிரீஸை நன்றாகத் துடைத்து எடுத்துவிட்டு, மெல்லிய பூச்சாகப் போடுங்கள். அள்ளி அப்பினால் தூசி ஒட்டி உரசல் தாளாகிவிடும். சாதாரண பெட்ரோலிய கிரீஸ் ரப்பரில் படக் கூடாது, ரப்பர் ஊறி உப்பிவிடும். ரப்பருக்கு சிலிக்கான் பூச்சு. கிரீஸ் போடும் வேலையை ரீசெட்டுக்கு முன்பே முடித்துவிடுங்கள், பின்னால் போட்டால் விசைக் கணக்கு மாறும்.

ரீசெட் சரி, ஆனால் ஓடும்போது காற்று சத்தம் வருகிறதே?

அது கண்ணாடியின் உயரம் பற்றிய விஷயம். முன் விளிம்பு கூரைக்குச் சமமாக அல்லது ஒரு மயிரிழை கீழே, பின் விளிம்பு சமமாக அல்லது ஒரு மயிரிழை மேலே இருக்க வேண்டும். முன் விளிம்பு துருத்திக்கொண்டிருந்தால் காற்று அதில் மோதி ஊளையிடும். பக்கவாட்டுத் திருகுகளைத் தளர்த்திச் சரிசெய்யலாம். சுற்றிலும் ஒரு காகிதத் துண்டைச் செருகிக் கண்ணாடியை மூடி இழுத்துப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பிடிப்போடு வர வேண்டும். உயரத்தை மாற்றினால் மறுபடி ஒரு ரீசெட்.

ரீசெட்டுக்குப் பிறகு உள்ளே தண்ணீர் சொட்டுகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

பெரும்பாலும் இல்லை. சன்ரூஃப் ரப்பர் தண்ணீரை முழுதாகத் தடுப்பதற்காக வடிவமைக்கப்பட்டதே இல்லை. உள்ளே இறங்கும் தண்ணீரைச் சட்டத்தைச் சுற்றியுள்ள வாய்க்கால் வாங்கி, மூலைகளில் உள்ள வடிகுழாய்கள் வழியாகத் தூண்களுக்குள் இறக்கி வெளியே விடும். வேலையின்போது அந்தக் குழாய்களில் ஒன்று கழன்றிருக்கும், அல்லது நசுங்கியிருக்கும். ஒவ்வொரு மூலையிலும் ஒரு குவளைத் தண்ணீரை மெதுவாக ஊற்றி, வண்டியின் அடியில் வருகிறதா பாருங்கள். அடைப்பு இருந்தால் அதிக அழுத்தக் காற்றை அடிக்காதீர்கள், குழாய் உள்ளேயே கழன்றுகொள்ளும். மெல்லிய நைலான் கம்பி போதும்.

ரூஃப் லைனிங்கை நீங்களே இறக்கிப் பார்க்க நினைத்தால் ஒன்று: திரை ஏர்பேக் (மோதலில் பக்க ஜன்னல்மேல் திரை போல விரியும் காற்றுப்பை) உள்ள கார்களில் அது கூரை விளிம்போடு ஓடுகிறது. பழக்கம் இல்லாதவர்கள் அதில் கைவைக்க வேண்டாம்.

சில வாரங்களுக்கு ஒரு தடவை நினைவு அழிந்துகொண்டே இருக்கிறது. இது சாதாரணமா?

இல்லை. ஒரு தடவை ஒழுங்காகக் கற்பித்தால், யாரும் கைவைக்காதவரை அது நிலைக்க வேண்டும். அடிக்கடி அழிந்தால் தளர்ந்த கனெக்டர், துருப்பிடித்த எர்த் இணைப்பு, சோர்ந்த பேட்டரி, ஈரம் புகுந்த மோட்டார் ஆகியவற்றை இந்த வரிசையிலேயே பாருங்கள். ஈரம் என்றால் முந்தைய கேள்விக்குத் திரும்புங்கள், வடிகுழாய்க் கசிவு மோட்டார் வரை வந்திருக்கும்.

ஒர்க்‌ஷாப்பிலிருந்து வண்டியை எடுக்கும்போது என்ன கேட்க வேண்டும்?

ரீசெட் செய்தீர்களா என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். மெக்கானிக் பக்கத்தில் நிற்கும்போதே ஒரு தட்டலில் திறந்து மூடிக் காட்டச் சொல்லுங்கள், துண்டு வைத்து நசுங்கல் சோதனையைச் செய்து காட்டச் சொல்லுங்கள். திறந்த நிலையில் ரெயில் இரண்டையும் நீங்களே ஒரு தடவை பாருங்கள். ரூஃப் லைனிங்கை மாட்டுவதற்கு முன் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாரா என்றும் கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் அங்கேயே, அப்போதே ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.